ஏஜென்ட் அண்ணனா, மகள் காட்டும் ஆப்பா?

கேள்வி: கரூர் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வரும் மே மாதம் 60 வயதில் ஓய்வு. பழைய ஓய்வூதியத் திட்டம் என்பதால் கம்யூட்டேஷன் (பென்ஷனின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது) போக மாதம் 48,000 ரூபாய் பென்ஷன் வரும். பணிக்கொடை, ஜி.பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எல்லாம் சேர்த்து 45 லட்சம் கைக்கு வரும் என்கிறார்கள். கணவர் 2021-ல் இறந்துவிட்டார். மாமியார் என்னோடு இருக்கிறார். வீட்டுச் செலவு மாதம் 35,000.

எங்கள் குடும்பத்துக்குப் பல வருடமாக ஒரு ஏஜென்ட் இருக்கிறார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மூலம் பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்ட 9 லட்சம் இப்போது 18 லட்சமாக இருக்கிறது. கொரோனாவில் பயந்துபோய் எஸ்.ஐ.பி.யை (மாதாமாதம் ஃபண்டில் போடும் தவணையை) நிறுத்தப் பார்த்தேன். போனில் பேசித் தடுத்தவர் அவர்தான். கணவர் இறந்தபோது பேப்பர் வேலை முழுவதையும் அவரே பார்த்தார். இப்போது ஒரு கேரண்டி வருமான பாலிசி போடச் சொல்கிறார். வருடம் 4 லட்சம் வீதம் ஐந்து வருடம் கட்ட வேண்டும். எட்டாவது வருடத் தொடக்கத்திலிருந்து வருடம் 1.2 லட்சம் வீதம் 15 தடவை வரும், கடைசித் தவணையோடு 20 லட்சமும் திரும்ப வரும்.

மகள் பெங்களூரில் ஐ.டி. வேலை. “அவருக்கு எதுக்கும்மா கமிஷன்? போன்ல இருக்கிற முதலீட்டு ஆப் பத்து கேள்வி கேட்கும், அதுவே எதில் போடணும்னு சொல்லிடும்” என்கிறாள். என் விவரத்தைப் போட்டுப் பார்த்தோம். நான் ‘மிதமான’ முதலீட்டாளர் என்று சொல்லி, 70 சதவீதம் கடன் ஃபண்ட் (கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்), 30 சதவீதம் பங்கு ஃபண்ட் என்று காட்டியது. இதற்கிடையே மகன் புதிதாகப் பட்டறை வைக்க 12 லட்சம் கேட்கிறான். நான் யாரை நம்புவது?

பதில்:

டீச்சர், வணக்கம். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாலிசியில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் போட்டிருந்தால், பாலிசி பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் காரணம் சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம். பணம் சிறு பிடித்தத்தோடு திரும்ப வந்துவிடும்.

ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்குக் கணக்கைப் பாருங்கள். நீங்கள் கட்டுவது 20 லட்சம். திரும்ப வருவது 18 லட்சம் வருமானமும் 20 லட்சம் முதலும், ஆக 38 லட்சம். கேட்பதற்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரிகிறது. ஆனால் கடைசி ரூபாய் கைக்கு வரும்போது உங்களுக்கு வயது 81. எந்த வருடம் எவ்வளவு போகிறது, எந்த வருடம் எவ்வளவு வருகிறது என்று வரிசையாக வைத்து வட்டி விகிதம் கண்டுபிடித்தால், வருடத்துக்குச் சுமார் 4.3 சதவீதம்தான் வருகிறது. ‘கேரண்டி’ உண்மைதான். கேரண்டி கொடுப்பது அந்த 4.3-க்கு.

இதே 20 லட்சத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் என்ன வரும்? 2023 ஏப்ரலில் அதன் வட்டியை 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் வருடம் 1.64 லட்சம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய், முதல் காலாண்டிலிருந்தே. ஏழு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கான வட்டியை அரசு காலாண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். ஆனால் நீங்கள் போட்ட நாளின் வட்டி ஐந்து வருடத்துக்கும் அப்படியே நிற்கும்.

“பாலிசி வருமானத்துக்கு வரி கிடையாது” என்று உங்கள் அண்ணன் சொல்லியிருப்பார். உங்கள் விஷயத்தில் அதில் பெரிய லாபம் இல்லை. பென்ஷன் வருடம் 5.76 லட்சம். மூத்த குடிமக்கள் திட்டத்தின் உச்சவரம்பான 30 லட்சத்தையும் போட்டால் வட்டி 2.46 லட்சம். இரண்டும் சேர்ந்து 8.22 லட்சம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்குக் கழிவு போக வரி கட்ட வேண்டியதில்லை. ஆக அங்கேயும் வரி பூஜ்யம், இங்கேயும் பூஜ்யம். பாலிசியில் வட்டி மட்டும் ஏறக்குறைய பாதி.

“ஐந்து வருடம் கழித்து வட்டி குறைந்துவிட்டால்?” என்பது நியாயமான கேள்வி. மூத்த குடிமக்கள் திட்டத்தை அப்போதைய வட்டிக்கு மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கத்தான் முடியும். நீண்ட காலத்துக்கு வட்டியைப் பூட்டி வைத்துக்கொள்ள ஆசை என்றால் மத்திய அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்கள் இருக்கின்றன. 2021 நவம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் கணக்கு மூலம் நாமே நேரடியாக வாங்கலாம். அவை தருவதும் 4.3-ஐ விட நன்றாகவே அதிகம்.

சரி, இவ்வளவு நல்லது செய்த மனிதர் ஏன் இதைக் கொண்டுவந்தார்? அவர் மோசமானவர் என்று நான் நினைக்கவில்லை. கமிஷன் அமைப்பு அப்படி. மியூச்சுவல் ஃபண்டில் உங்கள் நூறு ரூபாய்க்கு வருடம் ஒரு ரூபாய்க்கும் குறைவாகத்தான் அவருக்கு வருகிறது. இத்தகைய பாலிசியில் முதல் வருட பிரீமியத்திலிருந்து கிடைப்பது அதைப்போல் பல மடங்கு. உங்களுக்கு எது தேவை என்பதும் அவருக்கு எது வருமானம் என்பதும் ஒரே திசையில் இருந்தவரை அவர் நல்ல ஆலோசகராகத் தெரிந்தார். திசை மாறிய முதல் நாள் இது.

மகள் காட்டிய ஆப்புக்கு வருகிறேன். அவள் சொல்வதில் உண்மை நிறைய இருக்கிறது. 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்ட் திட்டத்திலும் இரண்டு வகை உண்டு: ஏஜென்ட் வழியாக வாங்கும் ரெகுலர், நேரடியாக வாங்கும் டைரக்ட். அதே ஃபண்ட், அதே மேனேஜர், அதே பங்குகள். ரெகுலரில் ஏஜென்ட் கமிஷனும் செலவில் சேர்வதால் பங்கு ஃபண்டுகளில் வருடம் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை வித்தியாசம் வருகிறது. நடுவாக 0.8 என்று வைத்துக்கொண்டால், உங்கள் 18 லட்சத்துக்கு வருடம் 14,400 ரூபாய். 45 லட்சத்தையும் சேர்த்து 63 லட்சமாக ரெகுலரில் போட்டால் வருடம் 50,400. இது உங்கள் கையிலிருந்து போவது கண்ணுக்குத் தெரியாது, தினசரி என்.ஏ.வி.யிலேயே (ஒரு யூனிட்டின் விலையிலேயே) கழிந்துவிடும்.

உங்கள் ஏஜென்டுக்கு உண்மையில் எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள ஊகம் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மார்ச், செப்டம்பர் முடிந்ததும் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், ஒவ்வொரு ஃபண்டுக்கும் விநியோகஸ்தருக்குக் கொடுத்த தொகை ரூபாயில் இருக்கும். 2016 அக்டோபரிலிருந்து இதைக் காட்டியாக வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயப்படுத்தியிருக்கிறது. ஈமெயிலில் வரும் அந்த பி.டி.எஃப்.பைப் பெரும்பாலானோர் திறப்பதே இல்லை. திறந்து பாருங்கள்.

தானியங்கி முறை சில வேலைகளை மனிதரைவிட நன்றாகச் செய்யும். மாதம் தவறாமல் பணம் எடுக்கும். பங்கு ஏறி விகிதம் மாறிப்போனால் பழைய விகிதத்துக்குத் திருப்பும். ஐயாயிரம் போடுபவருக்கும் ஐந்து கோடி போடுபவருக்கும் ஒரே கணக்குத்தான். மாதக் கடைசியில் டார்கெட் முடிக்க உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாது. முப்பது வயதில் சம்பளத்தில் ஒரு பகுதியை நீண்ட காலத்துக்குச் சேமிக்கும் உங்கள் மகளுக்கு நான் ஏஜென்டைத் தேடச் சொல்ல மாட்டேன். ஆப்பும், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒன்றிரண்டு இண்டெக்ஸ் ஃபண்டும் அவளுக்குப் போதும்.

ஆனால் ‘ஆப் சொல்கிறது’ என்று அவள் சொல்லும்போது ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நம் நாட்டில் எல்லோரும் வைத்திருக்கும் முதலீட்டு ஆப்களில் பெரும்பாலானவை ஆலோசகர்கள் அல்ல. 2023-ல் செபி ‘எக்சிகியூஷன் ஒன்லி பிளாட்ஃபார்ம்’ என்றே ஒரு வகையை உருவாக்கியது. வாங்குவது, விற்பது ஆகியவற்றை நிறைவேற்றிக் கொடுப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. அந்த முதலீடு உங்களுக்குப் பொருத்தமா என்று பார்க்கும் சட்டப் பொறுப்பு அவற்றுக்குக் கிடையாது. முகப்பில் வரும் ‘டாப் ஃபண்டுகள்’, ‘அதிகம் வாங்கப்பட்டவை’ என்பதெல்லாம் கடை அலமாரியில் கண்ணுக்கு நேராக வைத்த சரக்கு மாதிரிதான். இன்னொரு வகை, செபியிடம் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்துகொண்டு கேள்வி கேட்டுப் பரிந்துரை தருபவை. அவற்றுக்கு, மனித ஆலோசகருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு. கணினிதான் சொன்னது என்று கைகழுவ முடியாது. ஆப்பின் பெயரை நீங்கள் எழுதவில்லை. திரையின் அடிப்பகுதியிலோ ‘எங்களைப் பற்றி’ பக்கத்திலோ பதிவு எண் இருக்கும். அது ஐ.என்.ஏ. என்று தொடங்கினால் முதலீட்டு ஆலோசகர். ஏ.ஆர்.என். என்று இருந்தால் விநியோகஸ்தர், அதாவது உங்கள் அண்ணன் வகை. மகளிடம் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வகையாக இருந்தாலும், அது உங்களிடம் என்ன கேட்டது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வயது, வருமானம், எத்தனை வருடத்துக்கு முதலீடு, சந்தை 20 சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்ற மாதிரிக் கேள்விகள் இருந்திருக்கும். உங்கள் பென்ஷன் அகவிலைப்படியோடு ஏறிக்கொண்டே போகும் என்பது அதற்குத் தெரியுமா? விலைவாசியோடு சேர்ந்து உயரும் வருமானம் ஆயுள் முழுக்க இருப்பவரும், வைப்புத்தொகை வட்டியை மட்டும் நம்பி ஓய்வுபெறும் தனியார் ஊழியரும் ‘60 வயது, மிதமானவர்’ என்ற ஒரே பெட்டியில் விழுகிறார்கள். உங்கள் செலவு 35,000, பென்ஷன் 48,000. மாதாமாதம் மிச்சம் இருக்கிறது. அப்படியானால் இந்த 45 லட்சம் எதற்கு, யாருக்கு? பத்துப் பதினைந்து வருடம் கழித்து வீட்டோடு ஓர் ஆள் வைத்துக்கொள்ள வேண்டி வந்தால் அதற்கா? மாமியாரின் மருத்துவத்துக்கா? பேரப்பிள்ளைகளுக்கா? இதற்குப் பதில் தெரியாமல் 70, 30 என்று பிரிப்பதில் பொருள் இல்லை.

அப்புறம், அந்த 70 சதவீதக் கடன் ஃபண்ட். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கும் கடன் ஃபண்டுகளின் லாபம், எத்தனை வருடம் வைத்திருந்தாலும், வைப்புத்தொகை வட்டி மாதிரியே உங்கள் வருமான வரி வரம்பில்தான் சேரும். பழைய வரிச்சலுகை போய்விட்டது. மத்திய அரசே பொறுப்பேற்று 8.2 சதவீதம் தரும் திட்டம் 60 வயதானவர்களுக்குத் திறந்திருக்கும்போது, உங்கள் பாதுகாப்பான பங்கைக் கடன் ஃபண்டில் வைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆப் ஒருபோதும் “எழுந்து தபால் ஆபீஸுக்குப் போங்கள்” என்று சொல்லாது. மூத்த குடிமக்கள் திட்டம் அதன் அலமாரியில் இல்லை. உங்கள் அண்ணனும் சொல்லவில்லை பாருங்கள், அவருக்கு அதில் கமிஷன் இல்லை. மனிதரும் மென்பொருளும் ஒரே இடத்தில் மௌனமாக இருக்கிறார்கள்.

மென்பொருளுக்கு ஆசை இல்லை, அதனால் அது நடுநிலை என்று இளைஞர்கள் நம்புகிறார்கள். அதை எழுதிய நிறுவனத்துக்கு வருமானம் வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். சார்லஸ் ஷ்வாப் நிறுவனம் ‘ஆலோசனைக் கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்து ஒரு தானியங்கி முதலீட்டுச் சேவையை நடத்தியது. வாடிக்கையாளர் பணத்தில் கணிசமான பகுதியை அந்தச் சேவை ரொக்கமாக வைத்திருந்தது. அந்த ரொக்கம் அதே குழுமத்தின் வங்கிக்குப் போனது. அதைக் கடன் கொடுத்து வங்கி கூடுதல் வட்டி சம்பாதித்தது. ரொக்கத்தின் அளவு வாடிக்கையாளருக்கு எது நல்லது என்பதை வைத்து முடிவானதாகச் சொல்லப்பட்டது. நிறுவனம் எவ்வளவு ஈட்ட வேண்டும் என்பதும் அதைத் தீர்மானித்தது என்றது அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம். 2022 ஜூனில், குற்றத்தை ஏற்கவும் மறுக்கவும் இல்லாமல், 18.7 கோடி டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். கட்டணம் இல்லாத ஆப் எதைப் பார்த்தாலும் இவர்களுக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று கேளுங்கள். உங்கள் மகள் ஏஜென்டிடம் கேட்கும் அதே கேள்விதான்.

ஆக, உங்களிடம் இப்போது இருப்பது ஒரு விற்பனையாளரும் ஒரு பணப் பரிமாற்ற வசதியும். ஆலோசனையை இருவருமே தனியாக விற்கவில்லை. அதனால்தான் இரண்டும் இலவசமாகத் தெரிகின்றன. ஓய்வுபெறும் வருடத்தில் உங்களுக்குத் தேவை ஆலோசனை. அதைத் தனியாக விலை கொடுத்து வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

நானும் அப்படிக் கட்டணம் வாங்கும் பதிவுபெற்ற ஆலோசகன். ஆகவே நான் சொல்வதையும் அதே அளவுகோலால் அளந்து பாருங்கள். செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர் ஆலோசனைக்காக உங்களிடம் மட்டுமே பணம் வாங்கலாம். அந்தப் பரிந்துரைகளுக்கு எந்த ஃபண்ட் நிறுவனத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கமிஷன் வாங்கக் கூடாது. கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். கட்டணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது. இத்தனை சதவீதம் லாபம் உறுதி என்று வாயைத் திறக்கவே கூடாது. குடும்பத்துக்கு வருடம் 1,51,000 ரூபாய் என்பது நிலையான கட்டணத்தின் உச்சவரம்பு. நிர்வகிக்கும் தொகையில் சதவீதமாகவும் கட்டணம் கேட்பவர்கள் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம். ஒருமுறை முழுத் திட்டம் போட்டுக் கொடுக்க இவ்வளவு என்று சொல்பவரைப் பாருங்கள். இப்படிப் பதிவு செய்தவர்கள் இந்தியா முழுக்கவே ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். கரூரில் கிடைக்காமல் போகலாம். வீடியோ காலில் பேசலாம், தவறில்லை. செபியின் இணையதளத்தில் பெயரும் பதிவு எண்ணும் சரிதானா என்று பார்த்த பிறகு பேசுங்கள். வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுவில் சேர்த்து, ‘ஏ.ஐ. டிரேடிங்’ என்று லிங்க் அனுப்பி, தங்கள் ஆப்பை இறக்கச் சொல்பவர்கள் யாராக இருந்தாலும் திருடர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியப் பணம் வந்த செய்தி இவர்களுக்கு எப்படியோ போய்விடுகிறது. ஏமாந்துவிட்டால் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

அண்ணனிடம் இருக்கும் 18 லட்சத்தை என்ன செய்வது? மகள் உடனே டைரக்டுக்கு மாற்றச் சொல்வாள். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற்றுவது வரிக் கணக்கில் விற்று வாங்குவதுதான். உங்கள் லாபம் 9 லட்சம். பங்கு ஃபண்டுகளின் நீண்டகால லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். மேலே சொன்ன 12 லட்ச வருமானக் கழிவு இந்த வரிக்குப் பொருந்தாது. ஒரேயடியாக மாற்றினால் 7.75 லட்சத்துக்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். வருடம் 14,400 மிச்சப்படுத்த இன்று ஒரு லட்சம் கொடுப்பது. அதை மீட்கவே ஏழு வருடம் ஆகும். மாற்றுவதென்றால் ஒவ்வொரு நிதியாண்டிலும் சுமார் இரண்டரை லட்சம் மதிப்புள்ள யூனிட்டுகளை மட்டும் மாற்றினால் லாபம் 1.25 லட்சத்துக்குள் நிற்கும், வரி வராது.

மாற்றத்தான் வேண்டுமா? நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 18 லட்சத்தை அவரிடமே விட்டுவைப்பேன். 2020 ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி பங்குச் சந்தைக் குறியீடு மார்ச் 23 அன்று 7,610-க்கு விழுந்தது. அந்தச் சமயத்தில் நீங்கள் எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிடாமல் அவர் தடுத்தார். நவம்பரில் சந்தை பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது. உங்கள் 9 லட்சம் 18 ஆனதில் அந்தப் போன் காலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆப்பும் அப்போது ‘பொறுமையாக இருங்கள்’ என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பியிருக்கும். பயத்தில் இருப்பவர் அதைத் தள்ளிவிட்டு நிறுத்தும் பட்டனைத்தான் அழுத்துவார். பெயர் தெரிந்த ஒரு குரல் “டீச்சர், கொஞ்சம் பொறுங்க” என்று சொன்னதால்தான் நீங்கள் நின்றீர்கள். கணவர் இறந்தபோது சான்றிதழ், வாரிசு, கே.ஒய்.சி. என்று அவர் அலைந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகள் பெங்களூரில், நீங்கள் கரூரில். வருடம் 14,400 அதற்கான சம்பளம் என்று தெரிந்தே கொடுங்கள். தெரிந்து கொடுப்பதில் தவறே இல்லை. புதுப் பணத்தை மட்டும் அந்த வழியில் விடாதீர்கள்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். நேராகவே சொல்லலாம்: “அண்ணா, ரிட்டையர்மென்ட் பணத்துக்குத் தனியா ஒரு பிளான் போட்டிருக்கேன், பாலிசி வேண்டாம். ஃபண்டை நீங்களே பாத்துக்குங்க.” பல வருடப் பழக்கம் உள்ளவர் புரிந்துகொள்வார். கோபித்துக்கொண்டு சேவையை நிறுத்தினால், வருடத்துக்கு இரண்டரை லட்சமாக மாற்றும் வழி இருக்கவே இருக்கிறது.

45 லட்சத்துக்கு என் முதல் யோசனை இது. முழு விவரம் பார்த்த ஆலோசகர் மாற்றினால் அவர் சொல்வதையே கேளுங்கள். 30 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில். காலாண்டுக்கு 61,500 வட்டி வரும். பென்ஷனிலேயே குடும்பம் ஓடுவதால் அந்த வட்டியிலிருந்து ஒரு பகுதியை இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் திட்டத்தில் எஸ்.ஐ.பி.யாகப் போடலாம். அசல் பத்திரமாக இருக்கும், வட்டி மட்டும் சந்தைக்குப் போகும். மகளின் ஆப் இந்த இடத்தில் மிகச் சரியாகப் பயன்படும். மீதி 15 லட்சத்தை ஆறு மாதம் தொடவே தொடாதீர்கள். மூன்று நான்கு வங்கிகளில் பிரித்து வைப்புத்தொகையாக இருக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு.

மகன் கேட்கும் 12 லட்சத்துக்கு மட்டும் ஆப்பிடம் கேள்வியே கிடையாது. ஏஜென்ட் குடும்ப விஷயம் என்று ஒதுங்கிக்கொள்வார். என் கருத்தைச் சொல்கிறேன். பட்டறை வைப்பது நல்ல விஷயம், ஆனால் முழுத் தொகையையும் தாய் கொடுத்தால் அந்தத் தொழிலைக் கணக்குப் பார்த்துக் கேள்வி கேட்க வெளி ஆள் ஒருவரும் இருக்க மாட்டார். முதலில் மகனை மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் வங்கிக் கடனோடு 25 சதவீத மானியம் உண்டு. தகுதி இருக்கிறதா என்று அங்கே கேட்கலாம். முத்ரா கடனில் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். எதற்குப் போனாலும் வங்கி ஒரு திட்ட அறிக்கை கேட்கும். மெஷின் விலை, மின் இணைப்பு, யாரிடமிருந்து ஆர்டர் என்று அவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். அந்த அறிக்கையை நீங்களும் வாங்கிப் படியுங்கள். அவர் போட வேண்டிய சொந்த முதலீட்டுக்கு, திரும்ப வராவிட்டாலும் உங்கள் வாழ்க்கை குலையாத ஒரு தொகையைக் கொடுங்கள். என் கணக்கில் அது 5 லட்சத்துக்குள். மகளுக்கும் தெரிந்து, எழுத்தில் கொடுங்கள். கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் வீட்டுப் பத்திரமும் மட்டும் கேட்கவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு வேலையை மே மாதம் வரை தள்ளிப் போடாதீர்கள். எம்.எஃப். சென்ட்ரல் தளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்தால் எல்லா ஃபோலியோவும் (ஃபண்ட் கணக்கும்) ஒரே இடத்தில் தெரியும். அதில் நாமினி யார் என்று பாருங்கள். பழைய ஃபோலியோக்களில் இன்னும் உங்கள் கணவர் பெயரே இருக்க வாய்ப்பு அதிகம். பென்ஷன் கணக்கு, வங்கி லாக்கர், பழைய எல்.ஐ.சி. பாலிசிகள் எல்லாவற்றிலும் இதைச் சரிபாருங்கள். மகள் ஆப்பில் புதிதாக ஆரம்பிக்கும் கணக்கிலும் கவனம் வேண்டும். பல ஆப்களில் ஒரே பெயரில் மட்டும்தான் முதலீடு செய்ய முடியும், கூட்டுப் பெயர் சேர்க்க முடியாது. அதனால் அங்கே நாமினியைக் கட்டாயம் பதியுங்கள். மகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு மதியம் போதும், அண்ணனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இதை முடித்துவிடலாம்.